பாதை திறக்கும் முன்

உரைநடை உலகம்

நுழையும்முன்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுகிறோம். அஞ்சிய அளவுக்கு அதனை அறிந்துகொள்ள முயல்வதில்லை. தோலின் மேல் ஒரு புள்ளியாகத் தொடங்கும் நோய் நுரையீரலையும் மூளையையும் எவ்வாறு சென்றடைகிறது? அதற்கு உணவு ஊட்டுவது யார்? வழி அமைத்துத் தருவது யார்? இவ்வினாக்களுக்கு அறிவியல் தேடிக் கண்ட விடைகள், நோயைத் தடுத்து நிறுத்தும் காலம் எது என்பதையும் நமக்குக் காட்டுகின்றன.

மலையும் வெயிலும்

நீலகிரி மாவட்டத்தில் தேயிலைச் சரிவுகள் சூழ்ந்த பேரூராட்சி பிக்கட்டி. விடியற்காலையில் பள்ளத்தாக்கை மூடியிருக்கும் பனிமூட்டம் சற்று நேரத்தில் விலகுகிறது. கொழுந்து பறிப்போர் கூடையுடன் சரிவில் ஏறுகின்றனர். காற்று குளிர்ந்தே இருக்கிறது; வியர்வை இல்லை. ஆகவே, வெயில் தங்களைத் தாக்குவதாக அவர்கள் உணர்வதில்லை.

ஆனால், வெப்பத்தை உணரவைக்கும் கதிர் வேறு. தோலைச் சிதைக்கும் கதிர் வேறு. தோலுக்குத் தீங்கு செய்வது கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் இக்கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. உதகமண்டலம் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ளோர் மீது விழும் புறஊதாக் கதிர், கடலோரச் சமவெளியில் இருப்பவர் மீது விழுவதைவிட மிகுதி. மெல்லிய மேகமும் இக்கதிரை முழுமையாகத் தடுப்பதில்லை. குளிரை நம்பி வெயிலை மறப்பது மலைவாழ்வில் எளிதாக நேரும் பிழை.

இதனால் மலைவாழ் மக்கள் அனைவரும் நோய்வாய்ப்படுவர் என எண்ணிவிடக் கூடாது. நம் தோலிலேயே ஒரு காவல் அமைந்துள்ளது. அதனை முதலில் அறிவோம்.

தோல் என்னும் அரண்

நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். அது மேல்தோல், அடித்தோல் என்னும் இரு முதன்மை அடுக்குகளைக் கொண்டது. இரண்டிற்கும் நடுவே அடிச்சவ்வு என்னும் மெல்லிய படலம் வேலிபோல் அமைந்திருக்கிறது. மேல்தோலின் அடிவரிசையில், இந்த வேலியை ஒட்டி, மெலனோசைட்டுகள் என்னும் நிறமிச் செல்கள் ஆங்காங்கே அமர்ந்துள்ளன. இவை மெலனின் என்னும் கருநிறப் பொருளை உருவாக்கி அண்டைச் செல்களுக்கு வழங்குகின்றன. அச்செல்கள் அதனைத் தம் உட்கருவின்மேல் குடைபோல் விரித்துக்கொள்கின்றன. வெயிலில் தோல் கறுப்பது, உட்கருவிலுள்ள மரபுப்பொருளைக் காக்க உடல் விரிக்கும் குடையே ஆகும்.

வெளிர்நிறத்தோருக்கும் கருநிறத்தோருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை உருவாக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. இந்தியரிடையே தோல் புற்றுநோய், ஐரோப்பியரிடையேயும் ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையரிடையேயும் காணப்படுவதைவிடக் குறைவாக இருப்பதற்கு இக்குடை ஒரு முதன்மைக் காரணம். கறுப்பை இழிவாக நோக்குவோர் அறியவேண்டிய உண்மை இது.

மேல்தோலைப் பற்றி இங்கு மனத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. மேல்தோலில் குருதிநாளங்கள் இல்லை. விரல் நுனியில் தோல் இலேசாக உரிந்தால் குருதி கசிவதில்லை. சற்று ஆழமாக வெட்டுப்பட்டால்தான் கசிகிறது. குருதி ஓடும் நிலம் அடித்தோலே. மேல்தோலின் செல்கள், அடித்தோலின் நுண்நாளங்களிலிருந்து ஊறிவரும் உணவையும் உயிர்வளியையும் கொண்டே வாழ்கின்றன. இந்த எளிய உண்மையிலேயே நம் பாடத்தின் திறவுகோல் இருக்கிறது.

வழிதவறிய செல்

புறஊதாக் கதிர் செல்லின் மரபுப்பொருளைத் தாக்கும்போது அதன் எழுத்துகளுள் அடுத்தடுத்துள்ள இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. செல் இப்பிழையைப் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்கிறது. திருத்த இயலாதபோது தன்னையே மாய்த்துக்கொள்கிறது. திருத்தமும் நிகழாமல், செல்லும் மாயாமல், பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது 'பிரிந்துகொண்டே இரு' என்னும் கட்டளை நிறுத்தப்படாமல் தொடர்கிறது. அதுவே புற்றுநோயின் தொடக்கம்.

தோல் புற்றுநோயில் மூன்று வகைகள் முதன்மையானவை. அடிச்செல் புற்று மெதுவாக வளரும். அரிதாகவே பிற உறுப்புகளுக்குப் பரவும். தட்டைச்செல் புற்று சிலவேளைகளில் பரவும். நிறமிச் செல்லில் தோன்றும் மெலனோமா எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பரவும் ஆற்றலில் மிகுதி. எல்லா மெலனோமாக்களுக்கும் வெயில் காரணம் என்று கூறிவிட முடியாது. வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட அது தோன்றுகிறது.

பெரும்பாலான மெலனோமாக்கள் முதலில் மேல்தோலுக்குள்ளேயே பக்கவாட்டில் படர்கின்றன. இந்நிலை பல மாதங்களோ, ஆண்டுகளோ நீடிக்கலாம். அடிச்சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து உருவாகிறது. கீழே இருப்பது குருதி ஓடும் நிலம் அன்றோ?

ஒரு மில்லிமீட்டர் எல்லை

பெருகும் கட்டிக்கு உணவு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் (1933 – 2008). 1960-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் பணியாற்றினார். உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பியை, குழாய்வழியே ஊட்டநீர் செலுத்தி உயிருடன் வைத்திருந்தார். அதில் புற்றுச்செல்களைப் பதித்தார். அவை வளர்ந்தன, ஆனால் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவை எட்டியதும் வளர்ச்சி நின்றுவிட்டது. செல்கள் இறக்கவில்லை. அவற்றையே எடுத்து உயிருள்ள விலங்கின் உடலில் வைத்தபோது விரைந்து பெருகின.

தனித்து வைக்கப்பட்ட சுரப்பியில் இல்லாதது எது? உயிருள்ள உடலில் இருப்பது எது? புதிய குருதிநாளங்களை உருவாக்கும் ஆற்றலே அவ்வேறுபாடு என்னும் முடிவுக்கு ஃபோக்மன் வந்தார். நாளத்திலிருந்து ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தொலைவு வரைதான் உயிர்வளி ஊறிச் செல்லும். அதற்கு அப்பாலுள்ள செல் மூச்சுத்திணறும். எனவே, குருதிநாளம் இல்லாத கட்டி குண்டூசித் தலையின் அளவைத் தாண்ட இயலாது.

இக்கருத்தை அவர் 1971ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கட்டி ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அண்டையிலுள்ள நாளங்களைத் தன்பால் அழைக்கிறது. அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்றார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. கட்டியைச் சுற்றிக் காணும் நாளங்கள் வெறும் அழற்சியின் விளைவு என்று கருதினர்.

ஃபோக்மன் சோர்வடையவில்லை. அவரும் அவருடைய மாணவர்களும் முயலின் விழிவெண்படலத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஒளியை உள்ளே விடவேண்டிய கருவிழியின் மேற்பரப்பில் குருதிநாளங்கள் இல்லை. அங்கே ஒரு துணுக்குக் கட்டியைப் பதித்தபோது, சில நாள்களில் விழியின் ஓரத்திலிருந்து மெல்லிய சிவந்த இழைகள் கட்டியை நோக்கி வளர்ந்து வந்தன. நாளம் இல்லாத இடத்தில் நாளம் முளைத்ததை எவரும் மறுக்க இயலவில்லை. கட்டி அழைக்கிறது, உடல் வழி அமைத்துத் தருகிறது என்பது கண்முன் புலனாயிற்று.

நாளம் முளைக்கும் விதம்

புதிய குருதிநாளங்கள் உருவாவது நோயின் செயல் மட்டும் அன்று. காயம் ஆறும்போதும், கருப்பையில் குழந்தை வளரும்போதும், மாதந்தோறும் கருப்பையின் உட்படலம் புதுப்பிக்கப்படும்போதும் நாளங்கள் முளைக்கின்றன. பணி முடிந்ததும் உடல் அதனை நிறுத்திவிடுகிறது. தூண்டும் பொருள்களும் தடுக்கும் பொருள்களும் தராசின் இரு தட்டுகள்போல் நிகராக நிற்கின்றன. புற்றுக்கட்டி தூண்டும் தட்டைத் தாழ்த்திவிடுகிறது. அதனை மீண்டும் உயரவிடுவதில்லை.

கட்டியின் நடுவிலுள்ள செல்கள் உயிர்வளி இன்றித் தவிக்கும்போது, 'குருதிநாள உட்சுவர் வளர்ச்சிக் காரணி' என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். என்பர். 1989ஆம் ஆண்டு நெப்போலியோன் ஃபெராரா என்னும் அறிஞர் இதனைப் பிரித்தறிந்தார். இப்புரதம் அருகிலுள்ள நாளத்தின் உட்சுவர்ச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த செல்கள் தம்மைச் சூழ்ந்த சவ்வை நொதிகளால் கரைக்கின்றன. அவற்றுள் ஒன்று முன்னணிச் செல்லாகி, நுண்ணிய விரல்களை நீட்டி, புரதம் மிகுந்த திசையை நோக்கி நகர்கிறது. பின்வரும் செல்கள் பிரிந்து பெருகி அதனைத் தொடர்கின்றன. வரிசையின் நடுவே குழல் திறக்கிறது. குருதி பாயத் தொடங்குகிறது.

நம் ஊர் மாமரத்தில் பற்றிக்கொள்ளும் புல்லுருவி, மரத்தின் சாற்றுக்குழாய்க்குள் தன் உறிஞ்சு வேரைச் செலுத்தி உண்கிறது. புற்றுக்கட்டி அதனினும் தந்திரமானது. தானே வேர்விடாமல், உடலையே தனக்காக வேர்விடச் செய்கிறது. அவ்வாறு அமையும் நாளங்கள் ஒழுங்கற்றவை. வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் இறுகியும் இருப்பவை. அவற்றின் சுவர்களில் இடைவெளிகள் மிகுதி. இந்தக் கசிவே அடுத்த தீமைக்கு வாயில் திறக்கிறது.

தெரிந்து தெளிவோம்

உயிர்வளி குறைவதைச் செல் எவ்வாறு உணர்கிறது? உயரமான மலையில் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் குறைகிறது. அதனை ஈடுசெய்ய உடல் செங்குருதி அணுக்களை மிகுதியாக உருவாக்குகிறது. செல்லுக்குள் இக்குறைவை உணரும் புரத ஏற்பாட்டைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலையேறுவோரைக் காக்கும் இதே ஏற்பாட்டைத்தான் புற்றுக்கட்டியும் தன் நாளங்களை அழைக்கப் பயன்படுத்திக்கொள்கிறது.

விதையும் நிலமும்

நாளம் உணவைக் கொண்டுவரும் வழி மட்டும் அன்று. செல்கள் வெளியேறும் வழியும் அதுவே. நீலகிரிக்கு மலைரயில் வந்ததைச் சற்று நினைவுகூர்க. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் இருப்புப்பாதை எட்டியது. சமவெளியிலிருந்து அரிசியை மலைக்கு ஏற்றிவந்த பாதையே மலையிலிருந்து தேயிலையை உலகுக்கு இறக்கிச் சென்றது. வந்த வழியே போகும் வழியாகவும் ஆயிற்று. கட்டிக்கு உணவூட்டும் நாளமும் அவ்வாறே இருபுறமும் பயன்படுகிறது.

தாய்க்கட்டியிலிருந்து பிரியும் செல், கசியும் நாளச் சுவரின் வழியே குருதியில் நுழைகிறது. அல்லது அண்டையிலுள்ள நிணநீர்க் குழாயில் இறங்குகிறது. மெலனோமா பெரும்பாலும் முதலில் நிணநீர் வழியையே நாடுகிறது. ஆகவே, காலில் தோன்றிய கட்டியின் செல்கள் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களில் முதலில் தங்குவதுண்டு. மருத்துவர்கள் அக்கணுவை 'காவற்கணு' என்பர். அதனை ஆய்ந்து, நோய் புறப்பட்டுவிட்டதா என்பதை அறிவர்.

குருதியில் கலந்த செல்லின் பயணம் எளிதன்று. ஓட்டத்தின் விசை அதனைச் சிதைக்கிறது, வெள்ளணுக்கள் வேட்டையாடுகின்றன. புறப்பட்ட செல்கள் பத்தாயிரத்துள் ஒன்று தப்பிப் பிழைத்து வேறோர் உறுப்பில் கட்டியாக வளர்வதே அரிது. அந்த ஒன்றுதான் நோயாளியின் உயிரை வாங்குகிறது.

அச்செல் எங்கே தங்குகிறது? 1889ஆம் ஆண்டு ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். விதைகள் எத்திசையிலும் விழலாம். ஏற்ற நிலத்தில் விழுந்தவையே முளைக்கும் என்றார். நீலகிரி மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட சீகை மரம், சோலையின் அடர்நிழலில் எளிதில் வேரூன்றவில்லை. திறந்த புல்வெளிகளிலோ பரவி, பல இடங்களில் அவற்றையே விழுங்கிவிட்டது. மெலனோமாவுக்கு நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு ஆகியவை அத்தகைய நிலங்கள். அங்கே இறங்கிய செல்லும் மீண்டும் நாளங்களை அழைத்தால்தான் வளர முடியும். அதுவரை அது ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கவும் கூடும்.

அடைப்பதா, சீர்செய்வதா?

அழைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்ற ஃபோக்மனின் கனவு 33 ஆண்டுகளுக்குப் பின் மருந்தாயிற்று. வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்துக்கு 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முற்றிய பெருங்குடல் புற்றுக்கு அது முதலில் வழங்கப்பட்டது. இதே புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் நீரிழிவால் விழித்திரையில் தோன்றும் கோளாறுக்கும் இன்று பயன்படுகின்றன. ஓர் ஆய்வின் பயன் எதிர்பாராத துறைக்கும் செல்லும் என்பதற்கு இது சான்று.

எனினும், கட்டி எளிதில் தோற்பதில்லை. ஒரு வழியை அடைத்தால் மற்றொரு வழியைத் தேடுகிறது. மெலனோமாவின் செல்கள் சிலவேளை தாமே குழல்போல் அமைந்து குருதியைச் செலுத்துகின்றன என்பதை 1999இல் ஆய்வாளர் கண்டனர். மேலும், நாளங்களை முற்றிலும் அழித்தால் கொடுக்கும் மருந்தும் கட்டியின் நடுவுக்குச் சென்று சேராது. இச்சிக்கலுக்குப் புதிய விடை கூறியவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்ற ராகேஷ் ஜெயின். அமெரிக்காவில் ஆய்வு செய்துவரும் அவர், நாளங்களை அழிப்பதற்கு மாறாக, அளவறிந்து மருந்து கொடுத்து அவற்றின் ஒழுங்கின்மையைச் சீர்செய்யலாம் என்று 2001இல் எடுத்துரைத்தார். சீரான நாளத்தின் வழியே மருந்தும் உயிர்வளியும் உள்ளே சென்றால் பிற மருத்துவம் நன்கு பயன்தரும் என்பது அவர் கருத்து. குழாய்களில் நீர்மம் பாயும் இயல்பை ஆராய்ந்த பொறியாளரின் கண், மருத்துவர் காணாத ஒன்றைக் கண்டது.

மெலனோமா மருத்துவத்தில் பெரும் மாற்றத்தை விளைவித்தது உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் கட்டவிழ்க்கும் மருத்துவமாகும். இவ்வகையில் முதல் மருந்து 2011இல் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளைச் செய்த ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இத்தனை மருந்துகள் வந்தபின்னும், பரவிய நோயைக் குணப்படுத்துவது இன்றும் கடினமே. பரவாத நோயை அகற்றச் சிறிய அறுவை பெரும்பாலும் போதும்.

உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

நம் நாட்டின் தோல் புற்றுக்குத் தனி வரலாறு உண்டு. காஷ்மீர் மக்கள் குளிர்காலத்தில் காங்கிரி என்னும் கனல்சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வர். பிரம்புக் கூடையில் பொதிந்த மண்சட்டி அது. ஆண்டுக்கணக்கில் அதன் சூடு படும் வயிற்றிலும் தொடையிலும் தட்டைச்செல் புற்று தோன்றுவதை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்துள்ளனர். இடுப்பில் ஒரே இடத்தில் வேட்டியோ, புடவையின் உள்பாவாடை நாடாவோ பல்லாண்டு இறுகி உராய்வதால் ஏற்படும் ஆறாப் புண் புற்றாக மாறியதும் உண்டு. பழைய தீக்காயத் தழும்பிலும் புற்று தோன்றலாம். வாழ்முறையின் தடம் தோலில் பதிகிறது.

மெலனோமா கருநிறத்தோரிடம் தோன்றும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களைத் தேர்ந்துகொள்கிறது. புகழ்பெற்ற ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் கறுப்பு தென்பட்டபோது, அது கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றே கருதப்பட்டது. அது மெலனோமா எனப் பின்னர்த் தெரிந்தது. நோய் பரவி, 1981ஆம் ஆண்டு தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இப்போது பிக்கட்டியின் தேயிலைச் சரிவை மீண்டும் நினைத்துக்கொள்வோம். முள்ளும் கல்லும் அட்டையும் நிறைந்த சரிவில் நாள்தோறும் ஏறி இறங்கும் கால்கள் அவை. அவற்றில் ஒரு கரும்புள்ளி தோன்றினால் முள் தைத்த வடு என்றோ, அட்டை கடித்த தழும்பு என்றோ கருதுவது இயல்பு. வலியும் இல்லை. ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும். நகரத்து மருத்துவமனைக்கு மலைப்பாதையில் பேருந்து ஏறிச் செல்லவேண்டும். ஆகவே, 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நாள் தள்ளிப்போகிறது. தள்ளிப்போகும் அந்த நாள்களில்தான் அடிச்சவ்வின் கீழே பாதை திறக்கிறது.

1970ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் நோயியல் அறிஞர், மெலனோமாவின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து, நோயின் போக்கை முன்கூட்டி மதிப்பிடலாம் எனக் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டறியப்பட்டால் பெரும்பாலோர் அறுவையிலேயே குணமடைகின்றனர். தடிமன் கூடக்கூட வாய்ப்புக் குறைகிறது. ஃபோக்மன் தம் ஆய்வகத்தில் கண்ட எல்லையும் பிரெஸ்லோ நோயாளிகளிடம் கண்ட எல்லையும் ஏறத்தாழ அருகருகே நிற்பது சிந்திக்கத்தக்கது.

தெரியுமா?

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரின் உள்ளத்தில் துயரிலிருந்து பிறந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அம்மையாரின் அயரா முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே 1955இல் பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை ஏழை எளிய நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். தொடக்கத்திலேயே கண்டறிதலையும் மக்களிடையே விழிப்புணர்வையும் வலியுறுத்திய அவருக்கு 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கப்பட்டன.

கண்ணே முதற்கருவி

உள்ளுறுப்புகளில் தோன்றும் புற்றைக் காணக் கருவிகள் வேண்டும். தோலில் தோன்றுவதைக் காணக் கண் போதும். மச்சமோ, கரும்புள்ளியோ கீழ்க்காணும் மாற்றங்களைக் காட்டினால் அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவை நாடவேண்டும்.

ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லாமை. ஓரம் சீரின்றிச் சிதறியிருத்தல். ஒரே புள்ளியில் பல நிறங்கள் கலந்திருத்தல். 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருத்தல். நாளுக்கு நாள் அளவிலோ நிறத்திலோ வடிவத்திலோ மாறுதல். இவ்வைந்தனுள் இறுதியானதே மிக முதன்மையானது. அடிபடாமலே நகத்தில் தோன்றி அகலும் கருங்கோடு, வாரக்கணக்கில் ஆறாப் புண், பழைய தழும்பில் புதிதாக எழும் புடைப்பு ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது. இவற்றுள் பல புற்றுநோயாக இரா. ஆனால், அதனைச் சொல்லவேண்டியவர் மருத்துவர். கரும்புள்ளியைச் சுடுவதும், அறுப்பதும், பச்சிலை வைத்துக் கட்டி மறைப்பதும் கூடா.

வெயிலில் பணிபுரிவோர் அகன்ற விளிம்புடைய தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணிவதும், நண்பகலில் இயன்றவரை நிழலை நாடுவதும் நன்று. மலைச்சரிவில் காலணி அணிவது காயங்களைக் குறைப்பதோடு கால்களைக் கவனிக்கும் பழக்கத்தையும் உண்டாக்கும்.

முள்மரத்தை அது இளையதாக இருக்கும்போதே அகற்றிவிட வேண்டும் என்று 'பகைத்திறம் தெரிதல்' என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் அறிவுறுத்துகிறார். பகைக்குச் சொன்ன அவ்வறிவுரை நோய்க்கும் பொருந்தும். நாளம் முளைக்காத கட்டி இளைய முள்மரம். அதனை அகற்றும் காலம் குறுகியது. ஆனால், அக்காலம் உறுதியாக நமக்கு வாய்க்கிறது. மாலையில் வேலை முடிந்து வரும் பாட்டியோ, தாயோ கால் கழுவி அமரும்போது, அவர்களின் உள்ளங்காலை ஒருமுறை விளக்கொளியில் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் இல்லத்தில் செய்யக்கூடிய மருத்துவப் பணி அது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் வெயிலில் நின்று பணிபுரியும் தொழிலாளர் ஐவரைச் சந்தித்து, அவர்கள் தோலையும் கால்களையும் காக்கும் முறைகளைக் கேட்டறிந்து அறிக்கை உருவாக்குக.

2. தோலில் கவனிக்கவேண்டிய ஐந்து மாற்றங்களை விளக்கும் சுவரொட்டி ஒன்றை எளிய தமிழில் வடிவமைத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடுக.

3. 'குளிர் இருக்கும் இடத்தில் வெயில் தீங்கு செய்யாது' – இக்கூற்றை மறுத்து இரண்டு நிமிடம் வகுப்பில் பேசுக.

கலைச்சொற்கள்

அடிச்சவ்வு – மேல்தோலையும் அடித்தோலையும் பிரிக்கும் மெல்லிய படலம்
மெலனோமா – நிறமிச் செல்லில் தோன்றும் புற்றுநோய்
நாளப்பெருக்கம் – இருக்கும் நாளத்திலிருந்து புதிய குருதிநாளங்கள் முளைத்தல்
காவற்கணு – கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்றடையும் கணு
வேற்றிடப் பரவல் – தோன்றிய இடத்தைவிட்டுப் பிற உறுப்புகளில் புற்று வளர்தல்

இலக்கணக் குறிப்பு

ஆறாப் புண், அயரா முயற்சி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள்
செங்குருதி, கருங்கோடு – பண்புத்தொகைகள்
முள்ளும் கல்லும் அட்டையும் – எண்ணும்மை

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. குருதிநாளங்கள் இல்லாத பகுதி
அ) அடித்தோல் ஆ) மேல்தோல் இ) கல்லீரல் ஈ) நுரையீரல்

2. மெலனோமாவின் தடிமனைக் கொண்டு நோயின் போக்கை மதிப்பிடலாம் எனக் காட்டியவர்
அ) ஸ்டீபன் பேஜட் ஆ) நெப்போலியோன் ஃபெராரா இ) அலெக்சாண்டர் பிரெஸ்லோ ஈ) ஜேம்ஸ் ஆலிசன்

குறுவினா

1. மெலனினைக் குடைக்கு ஒப்பிடுவது ஏன்?
2. குருதிநாளம் இல்லாத கட்டி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளராததன் காரணம் யாது?
3. உடலின் இயல்பான செயல்களுள் நாளங்கள் முளைக்கும் மூன்று சூழல்களைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. முயலின் விழியில் நிகழ்த்திய ஆய்வு ஃபோக்மனின் கருத்தை எவ்வாறு உறுதிப்படுத்தியது?
2. 'விதையும் நிலமும்' என்னும் விளக்கத்தைச் சீகை மரத்தின் பரவலோடு ஒப்பிட்டு எழுதுக.
3. நாளங்களை அழிப்பதைவிடச் சீர்செய்வது நன்று என ராகேஷ் ஜெயின் கருதியது ஏன்?

நெடுவினா

1. தோலில் தோன்றும் புற்று, நாளங்களை அழைத்துப் பிற உறுப்புகளுக்குப் பரவும் படிநிலைகளை விளக்குக.
2. மலைவாழ் உழைப்பாளர் தோல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியத் தடையாக இருப்பவை எவை? அவற்றை நீக்க நீங்கள் கூறும் வழிகளைத் தொகுத்து எழுதுக.